கூரையைப் பிரித்த நால்வர்

சவேரியம்மாளுக்குக் கோயில் வீட்டுக்கே வந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

கணவர் இராஜமாணிக்கம் மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு அவரைத் தனியே விட முடியவில்லை. தொண்டையில் சளி அடைக்கும். உடனே உறிஞ்சும் மிஷினைப் போட வேண்டும். மகன் வசந்தன் நீலாய்த் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் உயரும்படி ஒரு கட்டில் செய்துகொடுத்தான். கட்டில் நன்றாக வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் வேலை செய்துகொண்டிருந்தான்.

ஞாயிறு பூசைக்குச் சவேரியம்மாளைக் காணோம் என்றதும் முதலில் நற்கருணை வீட்டுக்கு வந்தது. பிறகு, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் சேர்ந்து பைபிள் படிக்கும், வீடு வீடாகச் சுற்றிவந்த அன்பியக் கூட்டம், அக்கா எதற்கு அலைய வேண்டும் என்று அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. நல்ல மனசுதான். பிஸ்கட்டைக்கூட அவர்களே கொண்டுவந்தார்கள். வாசல்படி தாண்ட அவருக்கு மிச்சமிருந்த ஒரு காரணமும் போயிற்று.

சிரம்பானில் ஒரு தமிழ்ப் பூசை. கடைசி வரிசை. சுற்றிலும் ஆட்கள் பாட, தன் குரல் தனக்கே கேட்காமல் பாட வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆனால் கேட்டால் கணவரைப் பாரமென்று சொன்னது போலாகிவிடும். கேட்கவில்லை.

ஒரு நாள் கூட்டத்தில் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம். முடக்குவாதக்காரனை நான்கு பேர் தூக்கிவந்து, கூட்டத்தில் வழி கிடைக்காமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கும் பகுதி. கூட்டத்தை நடத்திய சூசைநாதன் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. படுத்திருந்தவனுடைய விசுவாசத்தை அல்ல, தூக்கிவந்தவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் மன்னித்தார், அதனால்தான் நாம் ஒருவருக்காக ஒருவர் செபிக்கிறோம், புனிதர்களையும் நமக்காக வேண்டச் சொல்கிறோம் என்று விளக்கினார்.

அவர்கள் படிப்பது ஏழு படி முறையில். மூன்றாம் படியில், மனதைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் மும்முறை சொல்ல வேண்டும். ஐந்தாம் படியில், அது ஏன் தொட்டது என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லக் கூடாது. மன்னிப்பு என்றார்கள், எழுந்து நட என்றார்கள். சொல்லும்போது இராஜமாணிக்கம் படுத்திருந்த உள்ளறையின் திரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

சவேரியம்மாள் "நாலு பேர்" என்று மும்முறை சொன்னார். ஐந்தாம் படி வந்ததும் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அவன் நடந்தது இருக்கட்டும். அவனுக்கு நாலு பேரு இருந்தாங்க. நான் ஒருத்திதான் தூக்குறேன். நீங்கல்லாம் எங்கிட்ட வர்றீங்க, நான்தான் எங்கயும் போவல. எனக்குப் பூசைக்குப் போவணும்."

முறைப்படி அடுத்தவர் தன் சொல்லுக்குப் போனார்.

ஆறாம் படி, என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுப்பது. சூசைநாதன் தொண்டையைச் செருமினார்.

"சாமியாரக் கேட்டுப் பாப்போம். மாசம் ஒரு பூச அக்கா வீட்டுலயே வெச்சிடலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சவேரியம்மாள் தேத்தண்ணி கலக்க எழுந்துபோனார்.

அடுப்படியில் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை நின்றிருந்தாள். கூட்ட நாட்களில் கைவேலைக்கு வருபவள், மாரியம்மனைக் கும்பிடுகிறவள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருந்தது.

"நீ போவணுங்கிற, அவங்க பூசய இங்க தூக்கிட்டு வர்றேங்கிறாங்க. நல்ல கூத்துலா இது," என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கெழம நான் ஒக்காந்துக்கிறேன்க்கா. அந்த மிஷின மட்டும் காட்டிக்குடு."

ஞாயிற்றுக்கிழமை சவேரியம்மாள் சூசைநாதனின் காரில் சிரம்பானுக்குப் போனார். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. பாட்டு வந்தபோது வாய் திறக்கவில்லை, காது சளிச் சத்தத்தைத் தேடியது. பிரசங்கம் நடக்கும்போது கை தானாகத் தலையணையைச் சரிசெய்வதுபோல் அசைந்தது. காணிக்கைக்கு முன்பே எழுந்து வெளியே வந்து, கார் பக்கத்தில் வெயிலில் நின்றார்.

வீட்டில் இராஜமாணிக்கம் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். என்னக்கா, பூச முடிஞ்சிடுச்சா என்று பஞ்சாலை கேட்டாள்.

"பாதி."

"மீதி?"

"அடுத்த வாரம்."

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் சளி அதிகம். பிறகொரு விடியற்காலை, கணவரைப் புரட்டிப்போட்டு நிமிர்ந்த சவேரியம்மாள் அப்படியே கட்டிலோரம் சரிந்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

பெட்டியை நான்கு பேர் சுமந்தார்கள். வசந்தன் முன்னால் இடப்பக்கம். சிரம்பான் கோயிலில் சவேரியம்மாள் பூசை முடியும்வரை இருந்தார். பஞ்சாலை வரவில்லை. மிஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.