புகையிலை இல்லாத வெற்றிலைத் தட்டு

இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்த கோடையில் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: புகையிலை. கடலைக்கொல்லை வேலைக்குப் போன காலத்திலிருந்து வெற்றிலையோடு போட்டுப் பழகியவர். அது கெடுதல் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

செஞ்சியில் அப்போது சோதனை கடுமையாக இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, தடை செய்த புகையிலைப் பாக்குப் பொட்டலம் விற்ற கடைக்குச் சீல் வைத்திருந்தார்கள். நான் வழக்கமாக இலைப் புகையிலை வாங்கும் பெட்டிக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கடையிலிருந்தும் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார்.

"இது வெறும் எலதானே, பொட்டலம் இல்லியே" என்றேன்.

"எது ஆவும், எது ஆவாதுன்னு எனக்கு இன்னா சார் தெரியும்? வர்ற ஆபீசரு சொல்றதுதான் சட்டம். என் கடைக்குப் பூட்டு போட்டா உங்கம்மா வந்து தொறப்பாங்களா?"

அவர் தலைக்கு மேல் சிகரெட் பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"அதுக்கு பில்லு இருக்குது சார்."

திருவண்ணாமலை சாலையில் புதிதாக வந்த பெரிய கடையில் வெற்றிலைகூடக் கிடையாது. "ஒடம்புக்கு ஆவாதது எதுவும் வெக்கறதில்ல சார்" என்று சொன்ன கல்லாக்காரர், சோப்புக்கு இலவசமாக ஒரு கலர் சோடா பாட்டிலைப் பையில் போட்டார். அவலூர்பேட்டைக்கும் போய்வந்தேன். அங்கும் இல்லை.

வெறுங்கையோடு திரும்பியபோது அம்மா கோபிக்கவில்லை. "எனக்குப் பரவால்ல, வுடு. வர்றவங்களுக்கு இன்னாத்தக் குடுப்பேன்?"

கொல்லை வேலைக்குப் போகும் பெண்கள் சந்தித்தால் முதலில் வெற்றிலைத் தட்டை நகர்த்துவார்கள். ஒருத்தி புகையிலை கிள்ளிக் கொடுத்து, மற்றவள் கன்னத்தில் அடக்கிக்கொண்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். கொடுக்க ஒன்றுமில்லாமல் ஒருவரை உட்காரவைக்க அம்மாவுக்குக் கூசியது. யார் வந்தாலும் தூங்குவதாகச் சொல்லிவிடு என்றார். அப்படியே சொல்லிவந்தேன். வருகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒருநாள் வல்லத்திலிருந்து அவருடைய பழைய களையெடுப்புத் தோழி வந்தார். வாசலில் குரல் கேட்டதுமே அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்குறாங்க" என்றேன்.

"இவளா? பகல்ல தூங்குற மூஞ்சியா இது? நாலு பேரு வேலைய வாயாலயே செய்வாளே."

அம்மாவின் இமை அசைந்தது. வந்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெற்றிலைகளை மட்டும் தட்டில் வைத்தார்.

"எங்கூரு கடையிலயும் போயல இல்லப்பா. வெறும் வெத்தலய எப்டி நீட்டறதுன்னு போன வாரம் பஸ் ஏறாமலே வூட்டுக்குத் திரும்பிட்டேன். எழுந்தா நான் வந்தேன்னு சொல்லு."

அதைக் கேட்ட பிறகும் அம்மா கண்ணைத் திறக்கவில்லை. தூங்குவதாகச் சொல்லியாகிவிட்டது, இனி எப்படித் திறப்பார்?

செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது.

"போயிட்டாளா?" என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடியே. "வெயிலு கொளுத்துது. வண்டியில கொண்டுபோய் பஸ் ஏத்தி வுடு."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.