'சில்' எடுத்த அம்மா

கஹவத்தைக்குப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் என் அம்மாவுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டியவர், கீழ்க் கிராமத்துச் சிங்கள அக்கா ஒருவர். தன் மகள் படித்து முடித்த சிங்களக் கதைப்புத்தகம் ஒன்றை ஒருநாள் எனக்கென்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அட்டையில் வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி பூத்தட்டோடு நின்றாள். எனக்கு அப்போது பதினொரு வயது. சிங்களம் சரளமாகப் பேசுவேன். ஓர் எழுத்துகூடத் தெரியாது.

தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் மகள் இதற்கு நேர்மாறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான். தகப்பன் பிடித்துவைத்துச் சிங்கள எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார், பேச்சுத்தான் பிடிபடவில்லை. அவர்கள் வீட்டுக் குசினிப் படியில் உட்கார்ந்து அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்; நான் அர்த்தம் சொல்வேன்.

மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். கதைச் சிறுமியின் அம்மா விகாரைக்குப் போய் 'சில்' எடுத்தார் என்றிருந்தது.

"சில் எண்டால் என்ன?" என்றாள்.

"நாம பாண்டி வெளையாடுற சில்லா இருக்குமோ?"

"விகாரையில போய் விளையாடுவினமே?"

"வாசிங்க, இன்னும் இருக்குல்ல."

வாசித்தாள். அந்த அம்மா பின்னேரம் சாப்பிடவும் இல்லையாம். விளையாட்டு மும்முரத்தில் பசி மறந்திருக்கும் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் பால் அளக்கும் இடத்தில் அந்த அக்காவிடமே கேட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். போயா என்கிற பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்தி, உயிரைக் கொல்ல மாட்டேன், பொய் பேச மாட்டேன் என்று விரதம் ஏற்பதுதான் சில். மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. முகர்ந்த பூவைப் புத்தருக்கு வைக்கக்கூடாது என்றும் கதையில் வந்தது. அதையும் கேட்டேன்.

"நம்ம மாரியம்மனுக்கும் அப்படித்தானே" என்றார் பக்கத்தில் நின்ற அம்மா. அதையே சிங்களத்திலும் சொன்னார். இத்தனை வருடம் அடுத்தடுத்த நிரையில் வேலை செய்தவர்கள், சாமியைப் பற்றிப் பேசிக்கொண்டது அன்றுதான்.

அடுத்த போயாவுக்கு என்னையும் கிளாக்கர் மகளையும் அக்கா கூட்டிப்போனார். என்னிடம் வெள்ளைச் சட்டை இல்லை. கிளாக்கர் மகள் தன் பள்ளிச் சட்டையைத் தந்தாள். அது என் தோளில் நிற்கவில்லை. விகாரையில் எல்லோரும் ஒன்றாக ஓதத் தொடங்கியதும் அவள் என் காதருகே குனிந்தாள்.

"என்ன சொல்லினம்?"

"எனக்கும் வெளங்கல."

அது பாளி, தனக்கும் பாதிதான் விளங்கும் என்றார் அக்கா. பதினொரு மணிக்குச் சோறு தந்தார்கள். இனிமேல் கிடைக்காது என்ற பயத்தில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த வருடம் கிளாக்கர் ஐயா வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். அதற்குள் அக்கா கொடுத்த ஆறு புத்தகங்களை முடித்திருந்தோம். ஏழாவதை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒரு மாதம் பிடித்தது.