உளுந்து அரைத்த எரிமலை

ஒஸ்லோவும் ஒரு காலத்தில் எரிமலைப் பூமிதான் என்று மகள் சொன்னாள். எத்தனையோ வருடமாக அதன் ஓரத்தில், அம்மருட்டில் குடியிருக்கிற எனக்கு அது தெரியாததில் வியப்பில்லை. எதிர்வீட்டுக்காரரின் பெயரே போன வருடம்தான் தெரிய வந்தது.

ஏறக்குறைய முப்பது கோடி வருடங்களுக்கு முன் இங்கே நிலம் இழுபட்டு, இரண்டாகப் பிளக்கப் பார்த்து, பாதியில் கைவிட்டதாம். அந்த விரிசலால் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறோம். தொடங்கியதைப் பாதியில் விடும் என்னைப் போன்றவனுக்குப் பொருத்தமான ஊர்.

செத்த எரிமலைகள் மகளுக்குப் போதவில்லை. நோர்வேக்கு உயிருள்ள ஒன்றும் இருக்கிறது. ஆர்க்டிக் கடலில், யான் மாயன் தீவில், பனி மூடிய மலை. அங்கே நிலநடுக்கமானிகளைப் பராமரிக்கும் குழுவில் அவளுக்குக் கோடைக்கால வேலை கிடைத்தது. என் மனைவிக்குத் துளியும் விருப்பமில்லை. தாய் அழுதுகொண்டு நிற்க விமானம் ஏறுகிற பிள்ளையுமல்ல அவள்.

கொண்டுபோகும் கருவியொன்றை முதலில் எங்கள் குளியலறைத் தரையில் வைத்துச் சோதித்தாள். சனிக்கிழமை காலை, கணினித் திரையில் கோடு திடீரென்று தடித்து நடுங்கியது.

"அப்பா, ஓடி வாங்கோ! குழம்பு மேல வரேக்கை இப்பிடித்தான் விடாமல் நடுங்கும்."

நான் கடவுச்சீட்டைத் தேடினேன்.

"என்ன அங்கை சத்தம்? நான் உளுந்தெல்லோ அரைக்கிறன்," என்றாள் மனைவி, குசினியிலிருந்து.

கிரைண்டரை நிறுத்தினாள், கோடு படுத்தது. போட்டாள், எழும்பியது. திரையைக் குசினிக்குக் கொண்டுவரச் சொல்லி, உளுந்து பசையாகும்வரை நிறுத்தியும் போட்டும் பார்த்தாள்.

"மலையும் இப்பிடி முன்னமே காட்டுமோ?"

"ஓம் அம்மா. வெடிக்க முதல் சின்னச் சின்ன நடுக்கம் வரும், நிலம் கொஞ்சம் வீங்கும். நாள் குறிச்சுச் சொல்லேலாது. ஆனா அநேகமா ஒரு சாடை காட்டும்."

"அப்ப உன்ரை அப்பாவைவிட மலை பரவாயில்லை," என்று என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அங்கை கோடு நடுங்கிறதை நான் இஞ்சையிருந்து பாக்கலாமோ?"

"போனிலையே பாக்கலாம்."

மகள் போனாள். மனைவி காலையில் தேத்தண்ணிக்கு முன்னே கோட்டைப் பார்த்தாள். ஒருநாள் அது தடித்திருந்தது. உடனே தீவுக்கு அழைப்பு.

"ஸ்லாப் ஆவ், அம்மா, பதறாதேங்கோ. அது காத்து ஆட்டுறது."

மனைவி இன்னொரு தரம் கோட்டைப் பார்த்தாள்.

"காத்தெண்டாத் தொப்பியைப் போடு."