கண்ணை மூடாதவர்

யுத்த காலத்துச் சாரல் பருவம். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். உச்சியில் எண்ணெய் வைத்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். விடுதி அறைக்கே என்னைக் கூப்பிட்டுக்கொள்ளும் அந்த ஒல்லி மனிதர் மட்டும் மூடமாட்டார். எண்ணெய் வழிந்து கண் சிவந்தாலும் வாசலையே பார்த்திருப்பார். தோள் கல்லாக இறுகியிருக்கும்.

ஒரு நாள் நான் போனபோது கைத்துப்பாக்கியைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். ஈர்க்குச்சியில் பட்டுத்துணி சுற்றி, உள்ளே ஒரு சின்னச் சரிவை மெருகேற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன்.

"எதுக்கு அண்ணாச்சி அதையே போட்டுத் தேய்க்கிய?"

"இதுல ஏறித்தான் குண்டு குழலுக்குள்ள போவணும். அன்னைக்கு இங்கன சிக்கிக்கிட்டு. சுட முடியல."

"நல்லதாப் போச்சு. ஒரு உயிரு தப்பிச்சிட்டு."

"தப்பிச்சவன்தான் இப்ப என்னைத் தேடுதான்" என்றார், சரிவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் அவர் அறை பூட்டிக் கிடந்தது. அருவிக்கரையில் என் பலகையில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். உச்சியில் எண்ணெய் வைத்தேன்.

"ஒல்லியா ஒருத்தரு உம்மகிட்ட எண்ணெ தேய்ப்பாராமே, எங்க இருக்காரு?"

தெரியாது என்றேன். அவரும் கண்ணை மூடவில்லை. அவர் தோளும் கல்லாகத்தான் இருந்தது.