சந்தனம் அப்பிய ஹெட்லைட்

மருமகன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஹெட்லைட் மாட்டி, பூசை போட்டு, கண்ணாடி முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தார். அந்த வாசத்தில் என் சித்தப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

அறுபதுகளில் காரவள்ளியில் அவரிடமும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தள்ளிவிட்டுப் போன ஓட்டை வண்டி. ஹாரன் அடிக்காமல் ஒரு கோழியைக்கூடத் தாண்டமாட்டார் சித்தப்பா. ஹெட்லைட் மங்கிப்போனதும் சேலத்தில் பெரிதாக வாங்கி மாட்டி, கண்ணாடியே தெரியாமல் சந்தனமும் குங்குமமும் பூசினார்.

இருட்டும் நேரத்தில் கிளம்பியவரிடம் அம்மா, “ஏனுங்க தம்பி, கண்ணாடியத் தொடச்சுட்டுப் போலாமுங்களே?” என்றாள்.

“பூசை போட்ட பொட்ட அழிக்கறதுங்களா அண்ணி? வண்டி வெளங்குமா?”

முதல் வளைவிலேயே வண்டி மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கியது. சூட்டில் சந்தனம் கருகி நாறியது. தூக்கிவிட வந்தவர்களிடம், “லைட்டுல பவரே இல்லீங்க” என்றார் மகானுபாவர். அடுத்த வாரமே இன்னும் பெரிய லைட் வந்தது. பொட்டும் பெரிதானது.

மருமகன் இருட்டியதும் ஒரு சுற்றுப் போய்வந்து முகம் சுளித்தார். “வெளிச்சம் பத்தலீங்க மாமா. இதவிடப் பெருசா மாத்தோணும்.”

“மாத்துங்க மாப்ள” என்றேன். “சந்தனம் அரைச்சு வெக்கச் சொல்றேன்.”