ரேணுகா அக்கா கண்டுபிடிக்காத கிரகம்

விடுப்பில் ஊருக்குப் போயிருந்த ரேணுகா அக்கா தவறிவிட்ட செய்தியை அவருடைய தம்பிதான் போனில் சொன்னார். “நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா.” ஆய்வுக்கூடத்தில் அக்காவுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் அதைக் கேட்டேன்.

அவர் ராஜபாளையம், நான் ஸ்ரீவில்லிபுத்தூர். வெளியூரில் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். தொலைதூர நட்சத்திரங்களை ஒட்டிச் சுற்றும் கிரகங்களைத் தேடுவது எங்கள் வேலை. நட்சத்திரத்தின் பிரகாசத்தில் அவை தெரியாது. அதனால் தொலைநோக்கியில் விழும் ஒளியை முறுக்கி, மயிரிழை போன்ற கண்ணாடி இழைக்குள் அனுப்புவோம். அப்படி முறுக்கினால், நேர் நடுவில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி இழைக்குள் நுழையாது. சற்றே ஒதுங்கியிருக்கும் கிரகத்தின் ஒளி நுழைந்துவிடும். “பெரியவுகள வாசல்லயே நிறுத்திட்டு, பின்னால நிக்கிற சின்னப்புள்ளைய உள்ள கூப்பிடுதோம்” என்பார் அக்கா.

ஒருமுறை அப்படியொரு ஒளி வந்தது. இருவரும் நம்பினோம், அறிவித்தோம். ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய மாமா பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார். அக்கா படம், பக்கத்தில் வளையம் போட்ட ஒரு கிரகம்.

சில வாரங்களில் வேறு நட்சத்திரங்களைப் பார்க்கத் தொடங்கினோம். எங்கே திருப்பினாலும் அதே ஒளி. “ஏட்டி, எல்லா வீட்லயும் ஒரே புள்ளையா இருக்கும்?” என்றார் அக்கா. தொலைநோக்கியின் மெல்லிய அதிர்வில் நட்சத்திரம் நடுவிலிருந்து விலக, அதன் ஒளியே இழைக்குள் கசிந்திருந்தது. அக்கா எல்லாப் பதிவுகளையும் இன்னொரு முறை சரிபார்த்தார். பிறகு, “மொதல்ல தப்புன்னு எழுதி அனுப்புவோம். பொறவு ஊருக்குப் போவோம்” என்றார்.

ஃப்ளெக்ஸை இறக்க மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “விடும்மா, இங்க எவனுக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே மாமா.”

பட்டப்பகலில் அக்கா ஏணி போட்டு, தானே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். கீழே நான் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் நின்ற ஒருவர், “என்னம்மா, கிரகம் தொலைஞ்சுபோச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

“இல்லண்ணே, அது இருக்கவேயில்ல. நான் சொன்னது தப்பு.” அக்காவின் காதுமடல் வரை சிவந்திருந்தது. ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

இப்போது துக்கத்துக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்: ‘புதிய கிரகம் கண்டுபிடித்த விஞ்ஞானி.’ அது உண்மையில்லை என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன். “சனங்களுக்கு அக்காவ அப்படித்தானக்கா தெரியும்” என்று அழுதார். இழவு வீட்டில் அதற்கு மேல் என்ன பேசுவது? திரும்பினேன். பேருந்தில் வரும்போது ஒவ்வொரு போஸ்டர் வரும்போதும் கூச்சத்தில் தலைகுனிந்துகொண்டேன்.

அவரை அறிந்தவர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன். ரேணுகா அக்கா கிரகம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொலைநோக்கியின் அந்த அதிர்வை அடக்க வழி தேடிப் பாதி தூரம் போயிருந்தார். மீதி என் பொறுப்பு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அன்று ஏணியில் அவர் காதுமடலைச் சிவக்கவைத்த அந்தக் கூச்சத்தைத்தான். இப்போதெல்லாம் இழையில் எந்த ஒளி வந்தாலும் எனக்கு முதலில் வருவது அதுதான். சந்தோஷம் அதற்குப் பிறகுதான்.