நாகரத்னா சிஸ்டரைத் தெரியாதவன் மாதிரி இருந்தேன்

நாகரத்னா சிஸ்டர் போய்விட்டார். நேற்றுக் காலை... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

ஓசூரில் மனநல வார்டில் நர்ஸாக இருந்தவர். ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை.

எனக்கு அவரைத் தெரியும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரியவே கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருஷம் முன்னால் பதினோரு நாள் லீவில் இருந்தேனே, மஞ்சள் காமாலை என்று. "கீழாநெல்லி சாப்பிடுங்க சார்" என்று நீங்களெல்லாம் மெசேஜ் போட்டீர்கள்...

காமாலை இல்லை. தூக்கம் போய், சாப்பாடு போய், கடைசியில் உயிரோடு இருக்கிற ஆசையும் போய் அந்த வார்டில் படுத்திருந்தேன்.

முதல் நாள் சிஸ்டர் என் பெல்ட்டையும் ஷூ லேஸையும் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி, மேலே என் பெயரை எழுதி வைத்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாகணும்னு தோணுதாங்க?"

சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில். அதுவரை யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

அவர் பதறவில்லை. அட்வைஸ் பண்ணவில்லை. "சொன்னது நல்லதுங்க. நான் இங்கயேதான் ஒக்காந்திருக்கேன்" என்றார். உட்கார்ந்திருந்தார்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வேன். "வாயக் காட்டுங்க சார். நாக்கத் தூக்குங்க... எங்கிட்டயேவா?" என்று சிரிப்பார். பக்கத்து பெட்டில் இதே கேள்வி கன்னடத்தில், எதிர் பெட்டில் தெலுங்கில்.

டிஸ்சார்ஜ் அன்று ஒன்று சொன்னார். "வெளிய பாத்தா நானா வந்து பேச மாட்டேங்க. இவங்கள எப்பிடித் தெரியும்னு கூட இருக்கிறவங்க கேப்பாங்கல்ல... நீங்க பேசினா பேசுவேன்." அவர்கள் வேலையில் அதுதான் வழக்கமாம்.

எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பாகலூர் பஸ்ஸில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நான் போனை நோண்டுவேன். அவர் எனக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை...

மூணு வருஷம் முன்னால் சேஃப்டி வீக்கில் எங்கள் கம்பெனிக்கே பேச வந்தார். கேன்டீனில் கூட்டம். "யாருக்காச்சும் தூக்கம் வரல, மனசு சரியில்லன்னா, ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல ஒரு மணி நேரம் இருப்பேன். வாங்க" என்றார்.

என் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்த மஞ்சு எழுந்தான்.

சிஸ்டர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்ற பயமா, என்ன எழவோ தெரியவில்லை. சூப்பர்வைசர் இல்லையா நான்... சத்தமாகச் சொன்னேன். "எங்க லைன்ல மென்டல் கேஸ் யாரும் இல்லீங்க சிஸ்டர். வேற லைன் பாருங்க!"

கேன்டீனே சிரித்தது. மஞ்சு உட்கார்ந்துவிட்டான்.

சிஸ்டர் என்னை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "சந்தோசங்க சார்" என்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும். சொல்லவில்லை.

அந்த ரூமுக்கு அன்று யாருமே போகவில்லை. அடுத்த மாதம் மஞ்சு வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் அஞ்செட்டிக்கே போய்விட்டான். நான் போன் பண்ணினால் எடுப்பதில்லை.

நேற்று மதியம் பாகலூரில் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவ எப்பிடிங்கண்ணா தெரியும்?"

"ஒரே பஸ்ல வருவோம்மா."

"அம்மா பாத்த பேஷண்ட் யாராச்சும் வருவாங்கன்னு காலையில இருந்து பாக்கறேண்ணா. அத்தன வருசம் பாத்தாங்களே... ஒருத்தர்கூட வரலீங்களே."

"ஆமாம்மா" என்றேன். அதையும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என் லைன் ஆட்கள் பாதிப் பேர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறார்கள். படிக்கட்டும். பாகலூர்க்காரர்கள் யாராவது இதை அந்தப் பெண்ணிடம் காட்டிவிடுங்கள்.

தங்கச்சி, ப்ளூ சட்டை போட்டு வந்தவன் நான். பஸ் பழக்கம் என்று சொன்னது பொய். உங்கள் அம்மாவின் பேஷண்ட் ஒருத்தன் வந்திருந்தான்.

நல்லபடியாப் போய்ட்டு வாங்க சிஸ்டர்...